‘யூ ஷிப்பிங் திஸ் வீக்?’: பையர் விழுங்கிவிடும் ஹெல்பிங் வெர்பைப் பிடிப்பது எப்படி

லண்டனில் பையர், அதாவது நம்மிடம் ஆர்டர் கொடுத்துத் துணி வாங்குபவர், காலை 9 மணிக்கு நாற்காலியில் உட்காரும்போது திருப்பூரில் கோடை என்றால் மதியம் 1.30, குளிர்காலம் என்றால் 2.30. நியூயார்க்கில் 9 மணி ஆகும்போது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் நம்மூர் மெர்ச்சண்டைசர்களுக்கு வயிற்றைக் கலக்கும் வேளைகள் இவை இரண்டும்தான். மெயிலில் அதே பையரோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள்கூட, போனில் அவர் வாயைத் திறந்ததும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ‘அவரு ரொம்ப வேகமாப் பேசறாருங்க’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். வேகம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அவர் சில சொற்களைச் சொல்வதே இல்லை. ஆர், ஹேவ், டூ, டிட், வில், வுட் என்று பள்ளியில் ஹெல்பிங் வெர்ப் பட்டியலில் மனப்பாடம் செய்தோமே, அவைதான் அந்தச் சொற்கள். கேள்வி என்றால் ஹெல்பிங் வெர்ப் முன்னால் வந்து நிற்கும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நம் காது வாக்கியத்தின் வாசலிலேயே அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. அது வராமல் போனதும் பின்னால் வந்த நல்ல சொற்களையும் தவற விட்டுவிடுகிறோம்.

பழுது பார்க்கிற முறை ஒன்றே ஒன்றுதான். காணாமல் போன சொல்லைத் தேடாதீர்கள். காதில் விழுந்த வினைச்சொல் எந்த உருவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விழுங்கினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும் என்ற இடத்தில்தான் அவர்கள் விழுங்குகிறார்கள். நாமும் ‘செய்து விட்டேன்’ என்பதை ‘செஞ்சுட்டனுங்க’ என்கிறோம். ‘விட்டு’ தேய்ந்து ‘ட்டு’ ஆகிவிட்டது, ஆனால் ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை அதைக் கேட்டுக் குழம்பியவர் ஒருவரும் இல்லை.

கீழே வருபவை வகுப்பில் அடிக்கடி கேட்கும் புகார்கள். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் இரண்டாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: ஏதோ தகவல் சொல்கிறார் என்று நினைத்தேன், அது கேள்வியாம்

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனி. மெர்ச்சண்டைசிங் ரூமுக்கும் கட்டிங் மேசைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். புதிதாகச் சேர்ந்த பெண் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள், பக்கத்தில் மேனேஜர். லண்டன்காரர் ‘ஸோ, யூ ஷிப்பிங் திஸ் வீக்?’ என்கிறார். அந்தப் பெண் பவ்யமாக ‘ஓகே சார்’ என்கிறாள். மறுமுனையில் சத்தம் இல்லை. இவள் இன்னொரு தடவை ‘ஓகே சார், தேங்க் யூ சார்’ என்கிறாள்.

மேனேஜர் மியூட்டை அழுத்திவிட்டு, ‘அம்மிணி, அவரு கேள்வி கேட்டிருக்காரு.’

‘இந்த வாரம் அனுப்பறோம்னு சொல்றாருன்னு நெனச்சனுங்க சார்.’

‘நம்ம ஷிப்மெண்ட் என்னைக்குப் போகுதுன்னு அவரு எப்படி நமக்குச் சொல்லுவாரு?’

மேனேஜர் சொன்னதுதான் இந்தக் கோளாறுக்கு முதல் சோதனை. வாக்கியம் ‘யூ’ என்று ஆரம்பித்து, உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றிப் போகிறதா? அப்படியானால் அது கேள்வி. உங்கள் கம்பெனி சங்கதியை உங்களிடமே யாரும் தகவலாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது சோதனை குரல். கடைசிச் சொல்லில் குரல் மேலே ஏறும். எல்லாரும் ஒரே மாதிரி ஏற்றுவதில்லை, போன் லைனில் அது தட்டையாகக் கேட்கவும் செய்யும். அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, அவர் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாரா என்பது. நமக்கு அந்த அமைதி பயமாக இருப்பதால் உடனே ஒரு ‘ஓகே’ போட்டு நிரப்புகிறோம். நிரப்பாதீர்கள். அவர் காத்திருந்தால் பதிலுக்குத்தான் காத்திருக்கிறார்.

அறிகுறி: கேள்விதான், ஆனால் முடிந்துவிட்டதா என்கிறாரா, இனிமேல் நடக்குமா என்கிறாரா?

கோளாறுகளில் பெரியது இதுதான். டெலிவரி தேதி, பணம், பையரின் நம்பிக்கை எல்லாம் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

வினைச்சொல்லைப் பிடியுங்கள். ‘இங்’ என்று முடிந்தால் விழுங்கப்பட்டது ‘ஆர்’. ‘யூ செண்டிங் த லேப் டிப்ஸ் டுடே?’ (லேப் டிப்ஸ் என்றால் நிறம் பார்க்கச் சாயமேற்றிய துணித் துண்டுகள்) என்பது இப்போதோ இனிமேலோ நடப்பதைப் பற்றியது. ‘யூ கோயிங் டு மேக் த டேட்?’ என்பதும் இதே வீடுதான். பேச்சில் அது ‘யூ கொன்னா மேக் த டேட்?’ என்று வரும். தேதிக்குள் முடித்துவிடுவீர்களா என்று கேட்கிறார்.

வி த்ரீ, அதாவது ஸீன், டன், ஸ்போகன், டேக்கன், பீன் போன்றவை வந்தால் விழுங்கப்பட்டது ‘ஹேவ்’. ‘யூ ஸீன் மை மெயில்?’ என்றால் பார்த்தாச்சா. ‘யூ ஸ்போகன் டு த மில்?’ என்றால் மில்காரரிடம் பேசியாச்சா. எல்லாம் முடிந்ததைப் பற்றிய கேள்வி. ‘யூ டன்?’ மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே போனது ‘ஆர்’. ஆனால் அர்த்தம் ‘முடிச்சுட்டீங்களா?’ என்பதுதான், அதனால் பதிலில் தப்பு வராது.

வி ஒன், அதாவது வினையின் மூல உருவம், வந்தால்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் விழுங்கப்பட்டது ‘டூ’ ஆகவும் இருக்கலாம், ‘டிட்’ ஆகவும் இருக்கலாம். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மனதுக்குள் இருக்கும் நிலையைச் சொல்லும் வினையா, கையால் செய்து முடிக்கும் வேலையா என்று பாருங்கள். வான்ட், நீட், நோ, திங்க், லைக் ஆகியவை மனநிலை, அங்கே ‘டூ’. ‘யூ நீட் மோர் டைம்?’ என்றால் இன்னும் நாள் வேணுமா என்று இப்போதைய நிலையைக் கேட்கிறார். கெட், செண்ட், ஷிப், செக், கால் எல்லாம் வேலை. ஒரு குறிப்பிட்ட மெயிலையோ பார்சலையோ பற்றிப் பேசும்போது இவை வந்தால் பெரும்பாலும் ‘டிட்’. ‘யூ கெட் மை மெயில்?’ என்றால் மெயில் கிடைச்சுதா. இதை ‘கிடைக்குமா?’ என்று எடுத்துக்கொண்டு ‘யெஸ், ஐ வில் செக்’ என்று பதில் சொல்பவர்கள் நிறையப் பேர்.

‘யெட்’ என்ற சொல் காதில் விழுந்தால் சந்தேகமே வேண்டாம், முடிந்ததா என்றுதான் கேட்கிறார். அமெரிக்கர்கள் ‘யூ ஷிப் இட் யெட்?’ என்பார்கள், அங்கே போனது டிட். பிரிட்டிஷ்காரர்கள் ‘யூ ஷிப்ட் இட் யெட்?’ என்பார்கள், அங்கே போனது ஹேவ். உங்கள் பதில் இரண்டுக்கும் ஒன்றே.

‘யூ காட் த ட்ரிம்ஸ்?’ (பட்டன், ஜிப், லேபிள் போன்றவை) என்று கேட்டால் வந்து சேர்ந்ததா என்றா, கையில் இருக்கிறதா என்றா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ‘யெஸ், வீ ஹேவ் தெம் ஹியர்’ என்று சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் பொருந்தும்.

இனி ஒரு சொல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நம் தொழிலில் அது தினமும் வரும்: கட். இதற்கு வி ஒன், வி டூ, வி த்ரீ மூன்றும் ஒன்றுதான். பையர் ‘யூ கட் த ஃபேப்ரிக்?’ என்று கேட்டால் வினைச்சொல்லின் உருவம் எதையும் காட்டிக்கொடுக்காது. வெட்டிவிட்டீர்களா என்றும் இருக்கலாம், நீங்களேதான் வெட்டுகிறீர்களா என்றும் இருக்கலாம். பிபி சாம்பிள் (பிரீ-புரொடக்‌ஷன், அதாவது உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவல் வரும் முன்னே பல்க் கட்டிங், அதாவது முழு ஆர்டருக்குமான வெட்டு, போடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். போட்டால் அந்தத் துணிக்குக் கம்பெனிதான் பொறுப்பு. அப்ரூவல் வராத நேரத்தில் பையர் இப்படிக் கேட்டு, நீங்கள் ‘நாங்கதான் வெட்டுவோம்’ என்ற நினைப்பில் ‘யெஸ்’ என்றால், அப்ரூவல் இல்லாமலே பல்க் வெட்டிவிட்டார்கள் என்று அவர் எழுதிக்கொள்வார். அடுத்த மெயில் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் கட், புட், செட், ஹிட், காஸ்ட் போன்ற உருவம் மாறாத சொற்கள் வந்தால் யெஸ், நோ என்று பதில் சொல்லவே சொல்லாதீர்கள். நாளைச் சேர்த்து நிலைமையைச் சொல்லுங்கள். ‘கட்டிங் ஹேஸ் நாட் ஸ்டார்ட்டட், வீ ஆர் வெயிட்டிங் ஃபார் பிபி அப்ரூவல்.’ அவர் எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் அதற்கு இது பதில்.

அறிகுறி: ‘யூ’கூட இல்லை, வினைச்சொல்லில்தான் வாக்கியமே ஆரம்பிக்கிறது

‘காட் எ மினிட்?’, ‘வான்ட் மீ டு கால் பேக்?’, ‘பீன் ட்ரையிங் டு ரீச் யூ.’ இங்கே ஹெல்பிங் வெர்போடு ஆளும் போய்விட்டார். வழி எளிது. கேள்வியாக இருந்தால் போனவர் ‘யூ’, தகவலாக இருந்தால் போனவர் ‘ஐ’. நீங்கள் ஒரு நிமிஷம் ஃப்ரீயா என்று கேட்கிறார். உங்களைப் பிடிக்க நான் முயன்றுகொண்டிருக்கிறேன் என்கிறார். வினையின் கடைசியில் ‘ஸ்’ ஒலித்தால் போனது ‘இட்’ அல்லது ‘தட்’: ‘சவுண்ட்ஸ் குட்’, ‘லுக்ஸ் ஓகே ஆன் த ஸ்க்ரீன்’.

இதில் இரண்டு குழிகள் உண்டு. ‘கால் யூ டுமாரோ’ என்று அவர் சொல்லி வைத்ததும், நம்மைக் கூப்பிடச் சொன்னார் என்று நினைத்து மறுநாள் நாமே கூப்பிடுகிறோம். அங்கே விழுங்கப்பட்டது ‘ஐ வில்’, அவர்தான் கூப்பிடுவார். வினைக்குப் பின்னால் ‘யூ’ வந்தால் வேலை அவருடையது, ‘மீ’ வந்தால் நம்முடையது. ‘செண்ட் யூ த காமெண்ட்ஸ் லேட்டர்’, ‘செண்ட் மீ த காமெண்ட்ஸ் லேட்டர்’ என்ற இரண்டையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மற்றது ‘வுட்ன்ட் டூ தட்.’ இது ஏதோ ஒரு பழைய கதை அல்ல, உங்களுக்கான எச்சரிக்கை. ‘உங்க இடத்தில நான் இருந்தா அதைச் செய்ய மாட்டேன்’ என்று தன்மையாகச் சொல்கிறார், அதாவது செய்யாதீர்கள். ‘யூ பெட்டர் செக் த ஷேடு’ என்பதும் இந்த வகைதான். அங்கே போனது ‘ஹேட்’. உங்கள் ஷேடு நன்றாக இருக்கிறது என்று பாராட்டவில்லை. பார்க்காவிட்டால் வம்பு வரும் என்கிறார்.

அறிகுறி: ஆர்டர் கொடுத்துவிட்டார் என்று நினைத்தோம், அவர் கொடுக்கவே இல்லை

இந்த அறிகுறியைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை உண்டு, ஏனென்றால் இது தெரிய வரும்போது நூல் வாங்கியிருப்பார்கள்.

வுட், ஹேட் இரண்டும் பேச்சில் ஒரே ஒரு ‘ட்’ ஆகச் சுருங்கிவிடும். வில் ஒரு ‘ல்’ ஆகிவிடும், ஹேவ் ஒரு ‘வ்’. அந்த ஒற்றை மெய்க்குப் பின்னால் அதே ஒலியோ அதைப் போன்ற ஒலியோ வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஹெல்பிங் வெர்ப் காதில் விழவே விழாது. ‘வீ வுட் டேக் ஃபைவ் தௌசண்ட் பீசஸ்’ என்பதை அவர் சுருக்கிச் சொல்லும்போது நமக்குக் கேட்பது ‘வீ டேக் ஃபைவ் தௌசண்ட் பீசஸ்.’ முதலாவது, விலை படிந்தால் எடுத்துக்கொள்வோம் என்பது. இரண்டாவது, எடுத்துக்கொள்கிறோம் என்பது. ‘வீ வில் லுக் அட் இட்’ கூட இப்படித்தான் ‘வீ லுக் அட் இட்’ ஆகிறது. அது தேதி ஏதும் இல்லாத, பார்க்கலாம் என்கிற பேச்சு.

தமிழ் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ‘ட்’ ஒன்றுதான். அதனால் வன்மையாக ஒலிப்பதையும் மென்மையாக ஒலிப்பதையும் பிரித்துக் கேட்க நம் காது பழகவில்லை. காதை மட்டும் நம்பினால் இந்த இடத்தில் ஏமாந்துபோவோம். சுற்றி இருப்பதைப் பாருங்கள். முன்னாலோ பின்னாலோ ‘இஃப்’ வருகிறதா? ‘அட் தட் ப்ரைஸ்’, ‘ஐடியலி’, ‘ப்ராபப்ளி’ என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா? வந்தால் அங்கே ஒரு ‘வுட்’ ஒளிந்திருக்கிறது. எண்ணிக்கை காதில் விழுந்த உடனே, கூச்சப்படாமல் அங்கேயே கேளுங்கள்: ‘இஸ் தட் அ கன்ஃபர்ம்ட் ஆர்டர்?’ பர்ச்சேஸ் ஆர்டர் வரும் வரை டையிங்குக்குப் புரோகிராம் (சாயம் போடச் சொல்லும் உத்தரவு) கொடுக்க வேண்டாம். நிட்டிங்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

கடந்த காலத்திலும் இது விளையாடும். ‘வீட் ஷிப் இட்’ என்று கேட்டால் இப்படியானால் அனுப்புவோம் என்று நிபந்தனை. ‘வீட் ஷிப்ட் இட்’ என்று கேட்டால் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தோம். வினையின் வாலைக் கவனிப்பது தவிர வேறு வழி இல்லை. அதுவும் சந்தேகமாக இருந்தால் தேதி கேளுங்கள்.

அறிகுறி: முடியும் என்றாரா, முடியாது என்றாரா?

பிரிட்டிஷ்காரர்களிடம் இந்தக் குழப்பம் அதிகம் வராது. அவர்களுடைய ‘கான்ட்’ நெடிலாகத் தனித்துக் கேட்கும். அமெரிக்கர்களிடம்தான் வரும், ஏனென்றால் ‘கேன்ட்’ என்பதில் கடைசி ‘ட்’ பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அந்த ‘ட்’டை எதிர்பார்த்தால் தோற்போம், உயிரெழுத்தைக் கேளுங்கள். முடியும் என்றால் அழுத்தம் அடுத்த வினையில் விழும், கேன் தேய்ந்து ‘கன்’ ஆகிவிடும்: ‘வீ கன் வெயிட்’. முடியாது என்றால் ‘கேன்’ என்ற உயிர் முழுசாக, அழுத்தமாக, சட்டென்று நின்றாற்போல ஒலிக்கும்: ‘வீ கேன்ட் வெயிட்’. உரக்கக் கேட்டால் முடியாது, மழுங்கிக் கேட்டால் முடியும். அப்போதும் சந்தேகம் என்றால் ‘கேன் ஆர் கேன்ட்?’ என்று திருப்பிக் கேட்காதீர்கள், மறுபடி அதே இரண்டு ஒலிகளில்தான் மாட்டுவீர்கள். ‘ஸோ, ட்வென்ட்டியத் இஸ் ஓகே ஃபார் யூ?’ என்று வேறு சொற்களில் கேளுங்கள்.

அறிகுறி: நான் ‘யெஸ்’ என்றேன், அவர் நேர்மாறாக எடுத்துக்கொண்டார்

ஹெல்பிங் வெர்ப் போனாலும் மறுப்பு போகாது. நாட், டோன்ட், ஹேவன்ட், வோன்ட் ஆகியவற்றை யாரும் விழுங்க மாட்டார்கள், விழுங்கினால் அர்த்தமே கவிழ்ந்துவிடும். ஆகவே, மேலே பார்த்த அமெரிக்க ‘கேன்ட்’டைத் தவிர மற்ற இடங்களில் ‘நாட்’ காதில் விழவில்லை என்றால் அது இல்லை என்று நம்பலாம்.

விழுந்தால் பதிலில்தான் ஆபத்து. ‘யூ நாட் செண்டிங் இட் டுடே?’ என்கிறார். நாம் தமிழில் ‘ஆமாங்க, இன்னைக்கு அனுப்பலீங்க’ என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ஆமாம். இங்கிலீஷில் யெஸ், நோ இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கும். அனுப்பவில்லை என்றால் ‘நோ, வீ ஆர் நாட்’, அனுப்புகிறோம் என்றால் ‘யெஸ், வீ ஆர்’. இதெல்லாம் போனில் அந்த நேரத்துக்கு நினைவுக்கு வராது என்பவர்களுக்கு: இரண்டையும் விட்டுவிட்டு ‘வீ ஆர் செண்டிங் இட் டுமாரோ’ என்று நேராகச் சொல்லுங்கள்.

அறிகுறி: மரியாதை இல்லாமல் பேசுகிறாரோ?

இது கொங்குநாட்டுக் காதுக்கே உரிய கோளாறு என்று நினைக்கிறேன். பஸ் கண்டக்டரிடமும் ‘காந்திபுரம் போகுங்களா?’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாக்கியத்தின் வாலில் ஒரு ‘ங்க’ இல்லாவிட்டால் நமக்குச் சுருக்கென்று தைக்கும். ‘வுட் யூ லைக் டு கம்?’ என்று புத்தகத்தில் படித்தவருக்கு, வயதில் சின்னப் பையர் ‘யூ கமிங்?’ என்று கேட்டால் ‘வர்றியா?’ என்று கேட்டாற்போல இருக்கிறது. கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் பெரியவர் ஒருவர் இதை என்னிடம் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்.

அது அவமரியாதை இல்லை. பழகியவர்களிடம்தான் அவர்கள் ஹெல்பிங் வெர்பை விடுவார்கள். முதல் போனில் முழு வாக்கியமாகப் பேசியவர் மூன்றாவது போனில் ‘யூ ஓகே வித் தட்?’ என்று வந்தால், உங்களை அந்நியராக நினைப்பதை நிறுத்திவிட்டார் என்று பொருள். கோபம் வந்தால் அவர்கள் சொற்களை விடுவது குறைந்து, ஒவ்வொன்றாக முழுசாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். ‘ஹேவ் யூ ஷிப்ட் இட் ஆர் நாட்?’ என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டால் அப்போது நிமிர்ந்து உட்காருங்கள்.

அறிகுறி: கேள்வியே இல்லை, சாதாரண வாக்கியத்திலும் ‘இஸ்’ காணோம்

அமெரிக்காவில் வேர்ஹவுஸ், லாஜிஸ்டிக்ஸ் ஆட்களோடு பேசுபவர்களுக்கு இது வரும். ‘ஷி அட் லஞ்ச்’, ‘த ட்ரக் லேட்’ என்பார்கள். படிக்காதவர் தப்பாகப் பேசுகிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். கறுப்பின அமெரிக்கர்கள் பலர் வீட்டில் பேசும் இங்கிலீஷுக்கு உறுதியான விதிகள் உண்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி இளைஞர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969இல் அதைக் காட்டினார். மற்ற அமெரிக்கர்கள் ‘இஸ்’ஸை ‘ஸ்’ என்று சுருக்கக்கூடிய இடத்தில்தான் இவர்கள் அதை விடுகிறார்கள். சுருக்க முடியாத இடத்தில் விடவும் மாட்டார்கள். ‘ஐ டோன்ட் நோ வேர் ஷி இஸ்’ என்பதில் கடைசி ‘இஸ்’ நிற்கும். ‘ஐ ஆம்’ என்பதிலும் ‘ஆம்’ போகாது. ‘அவர் மேனேஜர்’, ‘சாம்பிள் ரெடிங்க’ என்று ‘இருக்கிறது’ இல்லாமலே பேசிப் பழகிய நமக்கு இந்தப் பேச்சு புரிவதில் சிரமமே இருக்கக்கூடாது.

அறிகுறி: அவர்களைப் போலவே நானும் பேசினேன், அவருக்குப் புரியவில்லை

புரிந்துகொள்வது ஒன்று, நாமே விடுவது வேறு. முன்னால் இருப்பதை விடலாம், நடுவில் இருப்பதையும் கடைசியில் இருப்பதையும் விடக்கூடாது. ‘யூ ரெடி?’, ‘காட் இட்’, ‘வில் டூ’, ‘சவுண்ட்ஸ் குட்’ இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ‘ஆர் யூ கமிங்?’ என்பதற்குப் பதிலாக ‘யெஸ், ஐ’ என்று சொல்ல முடியாது, ‘யெஸ், ஐ ஆம்’ முழுசாக வர வேண்டும். ‘ஆம் ஐ ஆடிபிள்?’ என்பதில் ‘ஆம்’ முன்னால்தான் இருக்கிறது, ஆனாலும் அதை விட்டு ‘ஐ ஆடிபிள்?’ என்று ஆக்க வேண்டாம்.

நம் பக்கம் அதிகம் காதில் விழும் தப்பு, வென், ஒய், வாட் போட்ட கேள்விகளில். ‘வென் யூ செண்ட் காமெண்ட்ஸ்?’ என்று கேட்டுவிட்டு நாம் காத்திருக்கிறோம், அவரும் காத்திருக்கிறார். அவர் காதில் அது ‘நீங்க காமெண்ட்ஸ் அனுப்பும்போது...’ என்று பாதியில் நிற்கிறது. மீதி வாக்கியத்தை நீங்கள் முடிப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘வென் வில் யூ செண்ட் த காமெண்ட்ஸ்?’ என்றால் சிக்கல் தீர்ந்தது. ‘ஒய் யூ நாட் அப்ரூவ்?’ என்பது இதைவிட மோசம், சண்டைக்கு நிற்பதுபோல் ஒலிக்கும். ‘இஸ் தேர் எனி கமெண்ட் ஆன் த சாம்பிள்?’ என்று கேட்டால் அதே விஷயம் சுமுகமாகப் போகும்.

எழுத்தில் விடவே வேண்டாம். எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று குறிக்கும் டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டின் ரிமார்க்ஸ் கட்டத்தில் ‘ஃபேப்ரிக் ரிசீவ்ட்’ என்று சுருக்கலாம், அது எல்லோருக்கும் பழக்கம். அதே கட்டத்தில் ‘சாம்பிள் செண்டிங்’ என்று போட்டால் அனுப்பிக்கொண்டிருக்கிறோமா, அனுப்பப் போகிறோமா, யார் அனுப்புவது என்று எதுவும் தெரியாது. ‘வில் பி செண்ட் பை அஸ்’ என்று எழுதித் தேதியைப் போடுங்கள்.

பழக்கத்துக்கு

தனியாக எந்தப் புத்தகமும் வேண்டாம். உங்கள் ஷீட்டிலேயே வினைச்சொற்கள் வரிசையாக இருக்கின்றன: நிட், டை, கட், ஸ்டிட்ச், செக், பேக், ஷிப். ஒவ்வொன்றையும் ‘யூ’ சேர்த்து, ‘இங்’ போட்டு ஒரு தடவை, வி ஒன்னில் ஒரு தடவை, வி த்ரீயில் ஒரு தடவை, குரலை ஏற்றிக் கேள்வியாகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் ‘முடிஞ்சுதுங்க’ அல்லது ‘இனிமேத்தானுங்க’ என்று தமிழில் சட்டென்று பதில் சொல்ல வேண்டும். டீ வேளையில் இரண்டு பேர் செய்தால் போதும். கட் வரும்போது இருவரும் தயங்கினால் சரியாகப் பழகுகிறீர்கள்.

போனில் இதெல்லாம் செய்தும் பிடிபடவில்லை என்றால் ‘பார்டன், பார்டன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். அவர் அதே வாக்கியத்தை அதே மாதிரி விழுங்கி, கொஞ்சம் சத்தமாகச் சொல்வார், அவ்வளவுதான். உங்களுக்குப் புரிந்ததை முழு வாக்கியமாக அவரிடமே வையுங்கள்: ‘ஆர் யூ ஆஸ்கிங் இஃப் வீ ஹேவ் ஷிப்ட், ஆர் வென் வீ வில் ஷிப்?’ அவர் இரண்டில் ஒன்றை எடுத்துச் சொல்லியாக வேண்டும். அப்போது ஹெல்பிங் வெர்ப் அவர் வாயிலிருந்தே முழுசாக வரும்.